சுடுகாற்றுக் குழாயும் குளிர்காற்றுக் குழாயும்

ஹென்றி ஃபோர்டின் கம்பெனியார் தங்களுடைய ‘மாடல் டி’ காரை வாங்கியவர்களுக்கு ஒரு சிறு கைப்புஸ்தகம் கொடுத்துவந்தார்கள். குருவும் சிஷ்யனும் சம்பாஷிப்பதுபோலக் கேள்வியும் பதிலுமாக அமைந்த அந்தப் புஸ்தகத்தில், கார்புரேட்டரைப் பற்றிப் பேசும் இடத்தில், சுடுகாற்றுக் குழாய் எதற்காக என்று ஒரு கேள்வி வருகிறது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிச் சூடேறிக் கிடக்கும் காற்றை இழுத்துக் கார்புரேட்டரின் வாயில் சேர்ப்பது அதன் தொழில் என்றும், அந்த உஷ்ணத்தினால் பெட்ரோல் சுலபமாக ஆவியாகிறது என்றும் விளக்கிய பிறகு, குளிர்காலத்தில் இது இல்லாமல் தீராது என்றாலும் வெயில் காலத்தில் கழற்றி வைத்துவிடுவதே உசிதம் என்று புத்தி சொல்லி முடிகிறது பதில். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் அமெரிக்க இளைஞர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையில், கழிவுநீர்க் குழாயையும் ரப்பர் வளைவையும் கொண்டு, யந்திரத்துக்குக் குளிர்ந்த காற்றை ஊட்டுவதற்குச் செய்துகொள்கிற மலிவான உபாயத்தின் சரித்திரத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தப் பதிலின் பிற்பாதியிலிருந்து என்றுதான் சொல்வேன். செலவு ஒரு காசும் இல்லை. ஆயுதம் ஒரு ஸ்பானர். செய்ய வேண்டிய வேலையோ எதையும் பூட்டுவதுகூட இல்லை, இருப்பதைக் கழற்றி மூலையில் வைப்பதுதான்.

1908-ல் வெளிவந்து 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்குமேல் உற்பத்தியான அந்தக் கார், 2.9 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய யந்திரத்திலிருந்து 20 குதிரை சக்திதான் எடுத்தது. அக்காலத்துப் பெட்ரோல் இன்றையதைப்போல் பக்குவப்படுத்திய சரக்கல்ல. குளிரில் ஆவியாக மறுத்துக் குழாயின் சுவரிலேயே ஈரமாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆவியாகும் எந்தத் திரவமும் சுற்றியுள்ள உஷ்ணத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் ஆவியாகும் என்பதை, மண்பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பானையின் உடலில் கசிந்து உலரும் ஈரம் உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்வதுபோல, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் தூவப்படும் பெட்ரோல் அந்தக் கழுத்தையே சில்லிடச் செய்கிறது. வெளிக்காற்றிலும் குளிரும் ஈரமும் சேர்ந்திருக்குமானால், காற்றிலுள்ள நீராவி அங்கே பனிக்கட்டியாய் உறைந்து வழியை அடைத்துவிடும். விமானம் ஓட்டுகிறவர்கள் இந்தச் சங்கடத்தை நன்றாக அறிவார்கள். கார்புரேட்டருக்குச் சுடுகாற்றைத் திருப்பிவிடுவதற்கென்றே பல சிறு விமானங்களில் விமானியின் முன்னால் ஒரு கைப்பிடி இருக்கிறது. ஆகவே மிச்சிகன் பிரதேசத்துப் பனியில் விடியற்காலையில் காரைக் கிளப்ப வேண்டியிருந்த வைத்தியருக்கும் குடியானவனுக்கும் அந்தத் தகரக் குழாய் ஒரு வரப்பிரசாதம். அதே கார் டெக்ஸாஸின் ஆகஸ்டு மாத வெயிலில் மேடேறும்போது அதே குழாய் ஒரு சுமை.

சுமை என்பது எடையினால் வந்ததன்று. கார் பெட்ரோல் குடிக்கிறது என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். அது பட்சிக்கும் ஆகாரத்தில் பெரும்பகுதி காற்று என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிவதற்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். அதையே அளவுக்கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று, அதாவது ஒரு சிறிய பூஜையறை கொள்ளும் காற்று முழுவதும், ஆகிறது. யந்திரத்தின் வயிறோ இரும்பால் வார்த்தது. ஒவ்வொரு மூச்சிலும் அது இழுக்கக்கூடிய கன அளவு மாறுவதில்லை. காற்று சூடேறினால் விரிகிறது. விரிந்தால் அதே இடத்தில் அடங்கும் எடை குறைகிறது. பிரெஞ்சு தேசத்தில் பலூன் ஏறிப் பிரசித்தி பெற்ற ஷார்ல் என்பவர் 1787 வாக்கில் கண்டறிந்து, பின்னர் 1802-ல் கே-லுஸாக் உலகுக்கு வெளியிட்ட விதி இது. அதன்படி, 27 டிகிரி உஷ்ணத்தில் வெளியே இருக்கும் காற்றை யந்திரம் 57 டிகிரிக்குச் சுட்ட பிறகு இழுக்குமானால், பதினொரு பங்கில் ஒரு பங்கு காற்று அதற்குக் கிடைக்காமல் போகிறது. காற்று குறைந்தால் அதனோடு சேரும் பெட்ரோலும் குறைய வேண்டும். பெட்ரோல் குறைந்தால் பலம் குறையும். போதாக்குறைக்கு, சூடான கலவை சிலிண்டருக்குள் வேளை தப்பி வெடித்து, மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் அந்த டக்டக் சப்தத்தையும் கிளப்பும். ஃபோர்டின் புஸ்தகம் இத்தனை தத்துவத்தையும் விவரிக்கவில்லை. கழற்றி வை என்று சொன்னதோடு நின்றுகொண்டது.

கழற்றுவதில் பிறந்த இந்தக் கலை உச்சத்துக்குப் போனதும் கழற்றுவதிலேதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு வடகிழக்கே, மலையைத் தாண்டினால் வரும் மொஹாவி பாலைவனத்தில், ஒரு காலத்தில் ஏரியாக இருந்து வற்றிப்போன பரந்த களிமண் தரைகள் பல உண்டு. வெயிலில் காய்ந்து ஓட்டாஞ்சல்லிபோல் இறுகி, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு பள்ளம் இல்லாமல் கிடக்கும் அவற்றில் மியூராக் என்ற ஏரியே வேகப்பித்துக் கொண்டவர்களுக்குப் புண்ணிய க்ஷேத்திரமாயிற்று. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கையில் காசில்லாத பையன்கள், குப்பைக் கிடங்கிலிருந்து சொற்ப விலைக்குப் பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டு, முன்கண்ணாடி, பானெட்டு என்று கழற்றக்கூடியவற்றையெல்லாம் கழற்றி வீசிவிட்டு அங்கே ஓட்டினார்கள். 1932-ல் ஃபோர்டு கம்பெனி வெளியிட்ட எட்டு சிலிண்டர் யந்திரம் 65 குதிரை சக்தி கொண்டது. ஏழைகளின் கைக்கு எட்டிய முதல் பலசாலி யந்திரம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அதன் அமைப்பில் ஒரு தோஷம் இருந்தது. எரிந்த புகை வெளியேறும் வழி யந்திரத்தின் உடலுக்குள்ளேயே புகுந்து செல்வதால், அடுப்பின்மேல் அடுப்பு வைத்தாற்போல் அது சதா கொதித்துக்கொண்டிருக்கும். பானெட்டை எறிந்ததில் பாரம் குறைந்தது ஒரு லாபம் என்றால், அந்தக் கொதிப்பு மேலே கலைந்துபோய், கார்புரேட்டர் பாலைவனத்தின் விடியற்காலைக் காற்றை நேரே குடித்தது மற்றொரு லாபம். பொழுது விடிந்ததும் ஓட்டத்தைத் தொடங்கிவிடுவது அவர்கள் வழக்கம். வெயிலேறிக் காற்றும் புழுதியும் கிளம்பிவிட்டால் வேகம் குறையும் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள்; ஷார்ல் யார் என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

1937-ல் அவர்கள் தென் கலிபோர்னியா நேரக்கணக்குச் சங்கம் என்று ஒன்று கூட்டி, ஒழுங்கும் நியதியும் வகுத்துக்கொண்டார்கள். பிறகு யுத்தம் வந்தது. மியூராக் ராணுவத்தின் விமானத் தளமாயிற்று. யுத்தம் முடிந்து திரும்பியவர்கள் எல் மிராஜ் என்ற மற்றோர் ஏரிக்குக் குடிபெயர்ந்தார்கள். விமானங்களைப் பழுது பார்த்தும் பறக்கவிட்டும் கற்ற வித்தை அவர்களோடு கூடவே வந்தது. பில் பர்க் என்பவர் 1946-ல், போர் விமானத்தின் அடிவயிற்றில் தொங்கவிட்டுப் பாதி வழியில் உதிர்த்துவிடும் பெட்ரோல் தொட்டியைப் பழைய சாமான் கணக்கில் வாங்கி, அதையே காரின் உடலாக்கி ஓட்டினார். ஸ்டூவர்ட் ஹில்பார்ன் என்பவர் கார்புரேட்டரையே ஒதுக்கிவிட்டு, தாமே வகுத்த உபாயத்தால் பெட்ரோலைப் பீச்சும் முறையை அமைத்துக்கொண்டு, 1948-ல் அந்தக் களிமண்ணின்மேல் மணிக்கு 150 மைல் வேகத்தைத் தாண்டினார். வழவழப்பான உடலுக்குள் யந்திரம் அடைபட்டதும், முன்பு பானெட்டை எறிந்ததால் இலவசமாகக் கிடைத்த குளிர்காற்றை இப்போது குழாயோ வாயோ வைத்து வருந்தி அழைக்க வேண்டியதாயிற்று. பூட்டும் கலை இங்கே பிறந்தது என்று சொன்னால் தப்பில்லை. அதே 1948-ல் ‘ஹாட் ராட்’ என்ற பத்திரிகையும் வெளிவர ஆரம்பித்தது. ஒரு கொட்டகையில் ஒருவன் கண்ட யுக்தி தேசத்தின் மறுகோடியிலுள்ள கொட்டகைக்கு மாதம் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

டெட்ராய்ட் நகரத்துப் பெரிய கம்பெனிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தன. சில வேளைகளில் பார்க்கிறவர்களும் செய்கிறவர்களும் ஒரே ஆட்களாகவும் இருந்தார்கள்; க்ரைஸ்லர் கம்பெனியின் இளம் இன்ஜினீயர்கள் சிலர் ஓய்வுநேரச் சங்கமாகக் கூடி, 1949-ம் வருஷத்துப் பழைய பிளிமத் ஒன்றை வாங்கி, அதன் யந்திரத்தின்மேல் கோபுரம்போல் உயர்ந்த காற்றுக் குழாய்களை நிறுத்தி, பார்த்தவர்கள் சிரிக்கச் சிரிக்கப் பந்தயத்துக்குக் கொண்டுபோன கதை அந்த வட்டாரத்தில் பிரசித்தம். 1963-ல் செவ்ரலே கம்பெனி பந்தயக்காரர்களுக்கென்று சொற்ப எண்ணிக்கையில் செய்து கொடுத்த 427 கன அங்குல யந்திரமுள்ள இம்பாலா கார்களில், காற்று வடிகட்டியின் பெட்டி பின்பக்கமாக நீண்டு, முன்கண்ணாடியின் அடிவாரத்திலுள்ள துவாரத்தோடு ஒட்டியிருந்தது. ஓடும் காரில் எதிர்க்காற்று பானெட்டின்மேல் வழுக்கிவந்து, கண்ணாடியில் மோதித் தேங்கும் இடம் அது. அணையின்முன் தண்ணீர் தேங்குவதுபோல் அங்கே காற்று தேங்கி நிற்கும். அதுவும் யந்திரத்தின் வெக்கை படாத காற்று.

மறு வருஷம் ஃபோர்டு கம்பெனி செய்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் ரஸமாகப்படுகிறது. ஃபேர்லேன் என்ற சாதுவான குடும்பக் காரை எடுத்து, அதற்குள் அடங்கவே அடங்காத ஏழு லிட்டர் யந்திரத்தை முட்டி மோதி நுழைத்து, ‘தண்டர்போல்ட்’ என்று நாமகரணம் செய்து, அந்த 1964-ல் நூறு கார்கள் உருவாக்கினார்கள். அந்தக் காருக்கு முகப்பில் நான்கு விளக்குகள் இருக்க வேண்டும். உள்பக்கத்து விளக்குகள் இரண்டையும் பிடுங்கிவிட்டு, அந்தக் குழிகளில் கம்பிவலை வைத்து, அங்கிருந்து யானைத் துதிக்கை பருமனில் இரண்டு குழாய்களை யந்திரத்தின் தலைமேலுள்ள காற்றுப் பெட்டிக்கு வளைத்துக் கொண்டுபோனார்கள். விளக்கில்லாத அந்தக் கண்குழிகளோடு பந்தயக் கோட்டில் வந்து நிற்கும் காரின் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், உலகத்திலேயே பெரிய கம்பெனிகளுள் ஒன்று செய்த வேலையா இது, அல்லது பக்கத்துத் தெருப் பையன் தன் தாயாருக்குத் தெரியாமல் செய்த வேலையா என்ற சந்தேகம் எழாமலிருப்பதில்லை. 1966-ல் ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனியின் தொழிற்சாலையிலிருந்து 54 கார்கள் மட்டும் இதே மார்க்கத்தில் வந்தன. முன் பம்பரிலிருந்து வரும் பெரிய குழாய்க்கு இடம்விட வேண்டி, பாட்டரியையே தூக்கிப் பின்னாலுள்ள சாமான் பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஒரு மூச்சுக் காற்றுக்காகப் பாட்டரி வனவாசம் போயிற்று!

அதன் பிறகு ஆடம்பரம் புகுந்தது. போண்டியாக் கம்பெனி தன் காற்றுக் குழாயை ‘ராம் ஏர்’ என்றது. அழுத்தி ஊட்டும் காற்று என்பது அதன் தாத்பரியம். செவ்ரலே கம்பெனியின் 1970-ம் வருஷத்து ஷெவல் காரில், ஓட்டுகிறவன் காலை முழுக்க அழுத்தும்போது பானெட்டின் பின்விளிம்பில் ஒரு கதவு தானே திறந்துகொண்டது. அதே வருஷத்துப் பிளிமத்திலோ பொத்தானைத் தட்டினால் பானெட்டின் நடுவிலிருந்து ஒரு வாய் எழும்பும். அதன் இரு பக்கமும் சுறாமீனின் பற்களை வர்ணத்தில் தீட்டியிருந்தார்கள். விளம்பரக்காரர்கள் இந்த வாய்களைப் பற்றிச் சொன்னதை நம்பினால், காரின் வேகமே காற்றைத் திணித்து யந்திரத்தைப் பீமனாக்கிவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மயக்கம் தெளியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று உண்டாக்கும் அழுத்தம், வாயுமண்டலத்தின் சாதாரண அழுத்தத்தில் நூற்றில் அரைப்பங்குகூட இல்லை. 160 கிலோமீட்டரில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. திணிப்பதால் வரும் லாபம் அவ்வளவுதான். மேலே சொன்ன பதினொன்றில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால், குழாயின் மகிமையெல்லாம் அதன் குளிர்ச்சியிலே இருக்கிறது என்பது விளங்கும். பந்தயக்காரர்கள் இதை உணர்ந்தேயிருந்தார்கள். பெட்ரோல் வரும் செப்புக் குழலைச் சுருளாகச் சுற்றி, பனிக்கட்டி நிரப்பிய டப்பாவுக்குள் புதைத்து வைப்பார்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் யந்திரத்தின்மேல் பனிக்கட்டி மூட்டையை வைத்து எடுப்பார்கள். ஜுரக்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுகிற பக்குவந்தான்.

இந்தக் களியாட்டத்தின் நடுவே சுடுகாற்றுக் குழாய் சந்தடியில்லாமல் திரும்பி வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின்மேல் கவிந்திருந்த புகைமூட்டம் கண்ணைக் கரித்து, குழந்தைகளை வீட்டுக்குள் அடைக்கும் நிலைமைக்கு வந்துவிட்டபடியால், கலிபோர்னியா அரசாங்கம் காரின் புகைக்குச் சட்டம் போட ஆரம்பித்தது. 1967-ல் காற்று வள வாரியம் ஒன்றையும் ஸ்தாபித்தது. யந்திரம் சூடேறாத முதல் சில நிமிஷங்களில்தான் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து மிகுந்த நஞ்சைக் கக்குகிறது. அந்த நிமிஷங்களைச் சுருக்க என்ன வழி என்று யோசித்த இன்ஜினீயர்களுக்கு, பாட்டன் காலத்துத் தகரக் குழாய் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். 1960-களின் கடைசியிலிருந்து காற்று வடிகட்டியின் மூக்குக்கு இரண்டு துவாரம் வைத்தார்கள்: ஒன்று வெளிக்காற்றுக்கு, மற்றொன்று எக்ஸாஸ்ட்டை மூடிய தகரக் கூட்டிலிருந்து வரும் சுடுகாற்றுக்கு. உஷ்ணத்தை உணரும் ஒரு சிறு கருவி நடுவிலுள்ள கதவை இங்குமங்கும் திருப்பி, உள்ளே போகும் காற்றைச் சுமார் 40 டிகிரியில் வைத்திருக்கும். வெயில் வந்தால் கழற்றி வை என்று மனிதனுக்குச் சொன்ன புத்தியை இப்போது ஒரு தகடு தானே செய்துகொண்டது. வேகப்பிரியர்களுக்கோ இது பெரும் அபசாரமாகத் தோன்றியது. அந்தக் காலத்துக் கொட்டகைகளில் சுடுகாற்றுக் குழாயைப் பிடுங்கி எறிவதே புதுக் கார் வாங்கியவனின் முதல் கைங்கரியமாக இருந்தது. தாத்தா வெயில் காலத்தில் மட்டும் செய்ததைப் பேரன் வருஷம் முழுவதும் செய்தான். அவ்வாறு எறிந்தவர்களில் சிலர் ஈரமான குளிர்காலக் காலையில் யந்திரம் திணறி நின்று, தாத்தாவின் விவேகத்தை நடுரோட்டில் உணர்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்புரேட்டர் மறைந்து, பெட்ரோலை அளந்து பீச்சும் மின்சாரக் கருவி வந்ததும் பனிக்கட்டிப் பயம் பெரும்பாலும் நீங்கிற்று. கம்பெனிகளே வடிகட்டிப் பெட்டியின் வாயை ரேடியேட்டருக்கு முன்னே, முகப்பு விளக்கின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கத் தொடங்கின. அதாவது, குளிர்காற்றுக் குழாய் விற்பனைக்கு வரும் பல கார்களில் பிறவியிலேயே இருக்கிறது! ஆனால் அந்தப் பெட்டி பேசாது. காரில் போகிறவர்களின் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதற்குள் அறைகளும் தடுப்புகளும் வைத்து, காற்று புகும் ஓசையை அமுக்கிவிட்டிருந்தார்கள். 1990-களில் தென் கலிபோர்னியாவில் ஹோண்டா சிவிக் போன்ற சிறு ஜப்பானியக் கார்களைப் பழைய காராக மலிவாக வாங்கிய ஒரு புதிய தலைமுறை, அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவப் பருத்தி வடிகட்டி ஒன்றைக் குழாயின் நுனியில் செருகிக்கொண்டது. காலை அழுத்தினால் யந்திரம் சிங்கம்போல் கர்ஜிக்கும். கர்ஜனை கேட்டவனுக்கு வேகமும் கூடியதாகவே தோன்றும். பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் அந்தக் கூம்பு குடிப்பதோ ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் கொதிக்க வைத்த காற்று. சிக்னலில் இரண்டு நிமிஷம் நின்றால் போதும், மாடல் டி-யின் தகரக் குழாய் செய்த வேலையை அது பிசகில்லாமல் செய்துவிடும். பணம் கொடுத்துச் சுடுகாற்றை வாங்கியவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததில் ஆச்சரியமில்லை.

சிரிப்புக்கு அஞ்சியோ, நிஜமாகவே குளிர்காற்றை நாடியோ, குழாயை நீட்டிக்கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு முன்னாலுள்ள பம்பர் மறைவில் கூம்பைப் பதிக்கும் முறை அடுத்து வந்தது. காற்று அங்கே குளிர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் தரையிலிருந்து அது ஒரு முழ உயரந்தான். மழை கொட்டித் தெருவில் தண்ணீர் தேங்கிய நாளில் கூம்பு முழுகினால், யந்திரம் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க இயலாது. மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டன் சுவரில் மோதினாற்போல் நின்று, அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வாழைத்தண்டைப்போல் வளைந்துவிடும். ஒரே இழுப்பில் யந்திரத்தின் ஆயுள் முடியும். இதற்குப் பரிகாரமாகக் குழாயின் நடுவில் அவசரக் காற்றுவழி ஒன்று வைத்தார்கள். குழாயை இரண்டு துண்டாகச் செய்து, மழைக்காலத்தில் கீழ்த்துண்டைக் கழற்றிவிடவும் ஏற்பாடு செய்தார்கள். வெயிலுக்குக் கழற்றிய குழாய் போய், மழைக்குக் கழற்றும் குழாய் வந்தது.

கடையில் அலங்காரமாகப் பளபளக்கும் இந்தக் குழாய்களுக்குச் சில நூறு டாலர் விலை. அதைக் கொடுக்க மனமில்லாதவனும் வழியில்லாதவனும் சனிக்கிழமை காலையில் இரும்புச் சாமான் கடைக்குப் போகிறான். உதாரணத்துக்கு, ஹிரோஷிமா நகரத்து மஸ்டா கம்பெனி 1989-ல் வெளியிட்ட ‘மியாட்டா’ என்ற இரண்டு பேர் அமரும் சிறிய காரை எடுத்துக்கொள்வோம். பழைய காராக மலிந்து, கைவேலை பழகுகிறவர்களின் பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்ட வண்டி அது. அதன் 1.6 லிட்டர் யந்திரம் நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 4,800 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். வடிகட்டிப் பெட்டியோ எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து காற்று ரேடியேட்டரின் பின்னால் குறுக்கே நடந்து மறுபக்கம் போய்ச் சேர வேண்டும்.

கடையில் அவன் பொறுக்குவது மூன்றங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய் ஓரிரு அடி, கழிவுநீர்க் குழாய்களை இணைக்கும் கறுப்பு ரப்பர் வளைவு இரண்டு, முறுக்கி இறுக்கும் எஃகு கிளாம்ப் நான்கு, கூரை ஓரத்துக்கு அடிக்கும் அலுமினியத் தகடு ஒன்று, கதவிடுக்கில் குளிர் புகாமல் ஒட்டும் நுரைப்பட்டை ஒரு சுருள். சிலர் துணி உலர்த்தும் யந்திரத்தின் வெள்ளி நிற மடிப்புக் குழாயை எடுக்கிறார்கள். சொற்ப விலையில் நாலங்குல விட்டம் கிடைக்கிறதே என்ற ஆசைதான். ஆனால் அதன் ஒவ்வொரு மடிப்பும் காற்றின் காலைத் தடுக்கும், நாளடைவில் கிழிந்து துணுக்குகள் உதிரும், உதிர்ந்தது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பி.வி.சி.க்கும் ஒரு குணம் உண்டு: 80 டிகிரி உஷ்ணத்தில் அது இளகத் தொடங்கும். ஆகவே எக்ஸாஸ்ட்டுக்கும் அதற்கும் நடுவே அலுமினியத் தகட்டை நிறுத்த வேண்டும். தகட்டின் மேல்விளிம்பில் நுரைப்பட்டையை ஒட்டி, பானெட்டை மூடினால் அது அடியில் அழுந்தி ஓர் அறைபோல் அடைபடும்படி செய்ய வேண்டும். ரம்பத்தால் அறுத்த குழாயின் வாயில் தொங்கும் பிசிறுகளைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு தரம் துடைப்பான் தெரிந்தவன். ஒரு பிசிறு உள்ளே போனால் அதற்கு மறுபடி வெளியே வர வழி எக்ஸாஸ்ட் ஒன்றுதான். யந்திரம் ஓடும்போது பக்கவாட்டில் ஆடும் என்பதால் ரப்பர் வளைவு இல்லாமல் குழாயை இறுக்கக் கூடாது. யந்திரத்தின் அடிவயிற்றுப் புகையைத் திரும்ப உள்ளே கொண்டுவரும் சிறிய ரப்பர் குழலுக்குத் துளை போட மறந்துவிடுவது ஆரம்பக்காரர் எல்லாருக்கும் நேர்வது. மறந்தவனுடைய காரில் எண்ணெய் நாற்றம் வீசும்.

இதன் பயனை அளக்கவும் மலிவான வழி கண்டிருக்கிறார்கள். வீட்டின் உள்ளும் புறமும் உஷ்ணம் காட்டுகிற, நீண்ட கம்பியின் நுனியில் குமிழுள்ள வெப்பமானியை வாங்கி, குமிழைக் குழாய்க்குள் செருகி, முகப்பை டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். நிற்கும்போது எண் ஏறுவதும், ஓட ஆரம்பித்ததும் இறங்குவதும் கண்முன்னே தெரியும். நெடுஞ்சாலையில் தகடு உள்ளதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் அதிகமில்லை, நெரிசலில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டவனுக்கு முகம் சற்றுச் சுருங்கும். நெரிசலில் வேகமாகப் போய் என்ன பிரயோஜனம்? ஆயினும் கழற்றுவதில்லை. ஓசை நன்றாயிருக்கிறது, தன் கையால் செய்தது.

சட்டம் இதை அப்படிப் பார்ப்பதில்லை. கலிபோர்னியாவில், வாரியம் பரீட்சித்து உத்தரவு எண் கொடுத்த குழாயாக இருந்தால், அந்த எண் அச்சிட்ட சீட்டைப் பானெட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு தெருவில் ஓட்டலாம். கழிவுநீர்க் குழாய்க்கு எண் ஏது? 1984-லிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் புகைச் சோதனை நடக்கிறது. இத்தகைய பழைய கார்களில் வால்குழாயின் புகையோடு பானெட்டைத் திறந்தும் பார்ப்பார்கள். ஆகையால் கொட்டகையின் மேல்தட்டில், பழைய வர்ண டப்பாக்களுக்கும் சாம்பல் படிந்த கூடாரத் துணிக்கும் நடுவே, கம்பெனி கொடுத்த கறுப்புப் பெட்டி தூசு தட்டிக் காகிதத்தில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். சோதனைக்கு முந்தின மாலை அதை இறக்கி, பத்து மில்லிமீட்டர் ஸ்பானரால் மூன்று போல்ட்டுகளை முடுக்கி, காரைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கிவந்து, அன்றிரவே கழற்றி மறுபடியும் மேலே வைத்துவிடுகிறார்கள்.